ராஜ கல்யாணம்: டிவியில் எதைப் பார்ப்பது, எப்போது டீ போடுவது

கேள்வி இதுதான்: தென்னாப்பிரிக்காவில் டர்பன் நகரின் சாட்ஸ்வர்த்தில் ஒரு வீடு. ஆயாவுக்கும் பெரியம்மாவுக்கும் பிரிட்டன் ராஜ கல்யாணம் என்றால் உயிர். அடுத்தது எப்போது வந்தாலும் குடும்பமே உட்கார்ந்து பார்ப்பதாகத் திட்டம். ஆனால் கேட்டவருக்குக் குதிரையும் தொப்பியும் தவிர ஒன்றும் பிடிபடவில்லையாம். எதைக் கவனிக்க வேண்டும், எப்படித் தயாராக வேண்டும் என்கிறார்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். பெரும்பாலோர் பெண்ணின் கவுனைப் பார்ப்பதற்காகவே டிவி முன் உட்காருகிறார்கள். கார்க் கதவு திறந்து அவர் இறங்கும் அந்த ஒரு நிமிடம் முடிந்ததும் ஆர்வம் வடிந்துவிடுகிறது. கவுனை விடுங்கள், வரிசையைப் பாருங்கள். யார் எத்தனை மணிக்கு, எந்த வண்டியில், யாருக்கு முன்னால், யாருக்குப் பின்னால் வருகிறார் என்பதில்தான் முழு விழாவும் இருக்கிறது. அது பிடிபட்டுவிட்டால் நான்கு மணி நேரம் போவதே தெரியாது.

2011 ஏப்ரல் 29 அன்று வெஸ்ட்மின்ஸ்டர் அபேயில் நடந்த வில்லியம்–கேத்தரின் திருமணத்தையே மாதிரியாக எடுத்துக்கொள்வோம். லண்டன் நேரப்படி மாப்பிள்ளை தம்பியோடு 10.10க்கு வீட்டை விட்டுக் கிளம்பினார். பிறகு வெளிநாட்டு அரச குடும்பத்தார், அவர்களுக்குப் பின் சொந்தக் குடும்பத்தார். மகாராணி எலிசபெத் 10.45க்கு வந்து சேர்ந்தார். பெண் கோரிங் ஹோட்டலிலிருந்து கிளம்பியது 10.51, அபே வாசலில் இறங்கியது 11. மகாராணிக்குப் பிறகு வர உரிமை உள்ள ஒரே ஆள், அன்று ஒரு நாள் மட்டும், கல்யாணப் பெண். நம் கல்யாணத்தில் மாப்பிள்ளை மணவறையில் உட்கார்ந்த பிறகுதானே ஐயர் ‘பெண்ணை அழைச்சிட்டு வாங்க’ என்று குரல் கொடுக்கிறார், அதே ஒழுங்குதான் இது. 10.45க்கும் 11க்கும் இடைப்பட்ட அந்தக் கால் மணி நேரம் எல்லாரும் பெண்ணுக்காகக் காத்திருப்பார்கள். சானல் மாற்றாதீர்கள்.

நம் நேரக் கணக்கு சுலபம். பிரிட்டனில் கோடைக் காலமென்றால் லண்டன் நேரத்தோடு ஒரு மணி நேரம் கூட்டுங்கள், குளிர்காலமென்றால் இரண்டு. அரச திருமணங்கள் பெரும்பாலும் ஏப்ரலுக்கும் ஜூலைக்கும் நடுவில் வருவதால் ஒரு மணி நேரம் என்றே வைத்துக்கொள்ளலாம். லண்டனில் 11 மணி சடங்கு டர்பனில் பகல் 12. அது நமக்குக் குளிர்காலம். இதில் ஒரு லாபமும் உண்டு: கோடை மாலைகளில் இடி மழை வந்து டிஷ் சிக்னலைத் தின்றுவிடுவது போல ஜூன் மாதத்தில் நடப்பது அபூர்வம்.

கரண்ட் விஷயத்தை மட்டும் நம்பிக்கையின் மேல் விடாதீர்கள். லோட் ஷெடிங் முன்போல் இல்லை என்றாலும் தெருக் கேபிள் பழுதுக்கு அட்டவணை கிடையாது. 43 அங்குல எல்.இ.டி. டிவி, டிகோடர் (டிஷ்ஷின் செட்-டாப் பாக்ஸ்), ரவுட்டர் மூன்றும் சேர்ந்து ஏறக்குறைய 130 வாட் இழுக்கும். 12 வோல்ட், 100 ஆம்பியர்-அவர் லெட் ஆசிட் பேட்டரியைப் பாதிக்கு மேல் காலி செய்யக் கூடாது. இன்வெர்ட்டர் தின்பது போக அது நான்கு மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவாகத் தாங்கும். அதே அளவு லித்தியம் பேட்டரி ஏழு மணி நேரத்தைத் தாண்டும். பலர் டிவியை மட்டும் இன்வெர்ட்டரில் மாட்டிவிட்டு டிகோடரைச் சுவர் பிளக்கிலேயே விட்டுவிடுகிறார்கள். கரண்ட் கண் சிமிட்டினால்கூட டிகோடர் அணைந்து, மறுபடி எழுந்து, சிக்னல் தேடி முடிக்கச் சில நிமிடங்கள் ஆகும். பெண் அதற்குள் உள்ளே போயிருப்பார். அடுப்பும் கெட்டிலும் அந்த இன்வெர்ட்டர் பக்கமே வரக் கூடாது.

படத்தையும் சரி செய்யுங்கள். கடையிலிருந்து வந்தபடியே ‘விவிட்’ நிலையில் டிவி இருந்தால் வெள்ளைக் கவுன் ஒரு வெள்ளைப் பாளமாகத் தெரியும், லேஸ் வேலை முழுக்கக் கரைந்துபோகும், காவலர்களின் சிவப்புச் சட்டை ஓரங்களில் வழியும். ‘சினிமா’ நிலைக்கு மாற்றுங்கள். அப்போதும் கவுனின் மடிப்புகள் தெரியவில்லையென்றால் கான்ட்ராஸ்ட்டைக் கொஞ்சம் இறக்குங்கள். அசைவை மென்மையாக்கும் வசதியை, அது உங்கள் டிவியில் எந்தப் பெயரில் இருந்தாலும், அணைத்துவிடுங்கள். ஓடும் சக்கரக் கம்பிகளையும் குதிரைக் கால்களையும் சுற்றி ஆவி பறப்பது போல் தெரிவது அதனால்தான். இன்னொன்று: இணையத்தில் பார்ப்பவருக்குப் படம் டிஷ்ஷில் பார்ப்பவரைவிட அரை நிமிடமோ அதற்கு மேலோ தாமதமாக வரும். டர்பனிலேயே ஃபீனிக்ஸில் இருக்கும் சித்தி டிஷ்ஷில் பார்த்துவிட்டு ‘முத்தம் கொடுத்துட்டாங்க’ என்று வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிடுவார். போனைக் கவிழ்த்து வையுங்கள்.

இனி வண்டிகள். எல்லாவற்றிலும் எனக்குப் பிடித்த பகுதி இது. சடங்கு முடிந்து தம்பதி திரும்பும் திறந்த வண்டி, லண்டனில் என்றால், பெரும்பாலும் 1902 ஸ்டேட் லேண்டோ. ஏழாம் எட்வர்டின் முடிசூட்டுக்காகச் செய்தது. 1981-ல் சார்லஸ்–டயானா கல்யாணத்திலும் 2011-லும் அதே வண்டிதான். அதில் வண்டிக்காரர் எங்கே என்று குழந்தைகளைத் தேடச் சொல்லுங்கள், கிடைக்க மாட்டார். முன்னால் அவருக்கு ஆசனமே கிடையாது. ஜோடிக் குதிரைகளில் இடப்பக்கக் குதிரையின் முதுகில் ஏறி உட்கார்ந்து ஓட்டுகிறார், வலப்பக்கத்துக் குதிரையைக் கையில் பிடித்த வாரால் நடத்துகிறார். தம்பதியின் முகத்தைக் கூட்டத்திடமிருந்து மறைக்க முன்னால் யாரும் இருக்க மாட்டார்கள் என்பது இதில் உள்ள வசதி. 2018-ல் விண்ட்ஸரில் ஹாரியும் மேகனும் போனது அஸ்கட் லேண்டோ, அதுவும் இதே முறையில் ஓட்டுவதுதான், இன்னும் இலகுவான வண்டி. இழுத்த சாம்பல் நிறக் குதிரைகளுக்கு விண்ட்ஸர் கிரே என்று பெயர்.

மழை வந்தால்? 1881-ல் செய்த கண்ணாடி வண்டி அதற்கென்றே தயாராக நிற்கும். 2011-ல் அதை வெளியே எடுக்கத் தேவைப்படவில்லை. 1981 ஜூலை 29 அன்று டயானா செயின்ட் பால் தேவாலயத்துக்கு வந்தது அந்தக் கண்ணாடி வண்டியில்தான். அவருடைய கவுனின் பின்தொங்கல் 25 அடி. அதையும் மடித்துச் சுருட்டி, ஆஜானுபாகுவான அப்பாவையும் பக்கத்தில் உட்கார வைத்து அந்தச் சின்ன வண்டிக்குள் அடைத்தார்கள். டஃபெட்டா பட்டு ஒருமுறை மடிந்தால் மடிப்பு போகாது. இறங்கும்போது கசங்கல் அப்படியே உலகம் முழுக்கத் தெரிந்தது. பழைய பதிவு கிடைத்தால் பாருங்கள்: வடிவமைத்த இமானுவேல் தம்பதி படியில் குனிந்து இழுத்து இழுத்துச் சரி செய்கிறார்கள். அதன் பிறகு வந்த பெண்களின் பின்தொங்கல்கள் குறுகியதில் வியப்பில்லை. கேத்தரினுடையது 2.7 மீட்டர்தான். அபே வாசலில் தங்கை இரண்டு கையாலும் தூக்கி, ஒரு தட்டுத் தட்டி விரித்துப் போட்டதோடு வேலை முடிந்தது.

குதிரைகளுக்குப் பேண்டு சத்தம், கொடி, கைதட்டல் எல்லாவற்றையும் முன்கூட்டியே பழக்குகிறார்கள். அப்படியும் தப்பும். 2011-ல் காவல் படைக் குதிரை ஒன்று வீரரைக் கீழே தள்ளிவிட்டுத் தனியாக ஓடியது. வர்ணனையாளர்கள் இதையெல்லாம் மென்று விழுங்கிவிடுவார்கள், உங்கள் கண்தான் பிடிக்க வேண்டும்.

காவலர்களை ஒரே சிவப்புக் கும்பலாகப் பார்க்க வேண்டாம். கரடித்தோல் தொப்பி போட்ட காலாட்படையில் ஐந்து பிரிவுகள். சட்டைப் பொத்தான்களை எண்ணினால் தெரிந்துவிடும்: ஒவ்வொன்றாகச் சம இடைவெளியில் இருந்தால் கிரெனடியர், இரண்டிரண்டாக என்றால் கோல்ட்ஸ்ட்ரீம், மூன்று மூன்றாக ஸ்காட்ஸ், நான்கு நான்காக ஐரிஷ், ஐந்தைந்தாக வெல்ஷ். கேமரா தூரத்தில் இருந்தால் தொப்பியில் செருகிய இறகைப் பாருங்கள். பார்ப்பவருக்கு இடம் வலம் மாறித் தெரியும், நான் சொல்வது போட்டிருப்பவரின் பக்கம். கிரெனடியருக்கு இடப்பக்கம் வெள்ளை, கோல்ட்ஸ்ட்ரீமுக்கு வலப்பக்கம் சிவப்பு, ஐரிஷுக்கு வலப்பக்கம் நீலம், வெல்ஷுக்கு இடப்பக்கம் வெள்ளை–பச்சை–வெள்ளை. ஸ்காட்ஸுக்கு இறகே கிடையாது. குதிரைப் படை இன்னும் சுலபம்: சிவப்புச் சட்டை, வெள்ளைக் குஞ்சம் என்றால் லைஃப் கார்ட்ஸ், நீலச் சட்டை, சிவப்புக் குஞ்சம் என்றால் புளூஸ் அண்ட் ராயல்ஸ். லைஃப் கார்ட்ஸ் நடுவே நீலச் சட்டையும் கறுப்புக் குஞ்சமுமாகக் கையில் கோடரியோடு ஒருவர் வந்தால் வழி தவறி வந்தவரல்ல, லாடம் அடிப்பவர். பத்து வயதுப் பிள்ளைகளிடம் இந்தப் பொத்தான் கணக்கைச் சொல்லிக் கொடுத்துவிட்டால் அவர்கள் டிவியை விட்டு நகர மாட்டார்கள்.

வில்லியம் அன்று அணிந்த சிவப்புச் சட்டை ஐரிஷ் கார்ட்ஸுடையது. குறுக்கே போன நீலப் பட்டை கார்ட்டர் விருதுக்குரியது, இடத் தோளிலிருந்து வலது இடுப்புக்கு இறங்கும். பெண்கள் பக்கம் ஒரே ஒரு விதியை நினைவில் வையுங்கள்: பகல் விழாவில் வைரக் கிரீடம் கல்யாணப் பெண்ணுக்கு மட்டும், மற்ற எல்லாருக்கும் தொப்பி. கேத்தரின் வைத்திருந்தது கார்டியே 1936-ல் செய்த கிரீடம், மகாராணியிடம் வாங்கிய இரவல். அவர் விரலில் இருந்த நிச்சயதார்த்த மோதிரம் டயானாவுடையது, 12 காரட் இலங்கை நீலக்கல், சுற்றி 14 வைரம். கவுனின் லேஸை ஒட்டித் தைத்தவர்கள் அரை மணிக்கு ஒரு முறை கை கழுவினார்கள், மூன்று மணிக்கு ஒரு முறை ஊசியை மாற்றினார்கள். விரலின் எண்ணெய்ப் பசையும் மழுங்கிய ஊசியும் வெள்ளைத் துணியில் தடம் விடும் என்பதுதான் காரணம். நம் ஊர்ப் பார்வையாளர்கள் 2018 பதிவில் மேகனின் ஐந்து மீட்டர் முக்காட்டைத் தேடிப் பார்க்கலாம். அன்றிருந்த காமன்வெல்த் நாடுகள் 53-க்கும் ஒவ்வொரு பூ, அதில் நம் கிங் புரோட்டியாவும் உண்டு. எல்லாம் ஓரத்தில் தைத்தவை. தூரக் காட்சியில் தெரியாது, படியேறும்போது கேமரா பின்னாலிருந்து நெருங்கும் சில நொடிகள்தான்.

தேவாலயத்துக்குள் நடப்பதைப் பின்தொடரச் சடங்குப் புத்தகம் வேண்டும். விழாவுக்கு முன்பே அரண்மனை அதை இணையத்தில் வெளியிடும். அச்செடுத்துப் பெரிய எழுத்தில் ஆயா கையில் கொடுத்துவிடுங்கள். உறுதிமொழியில் ‘கீழ்ப்படிவேன்’ என்ற சொல் வருகிறதா என்று கேளுங்கள்: 1947-ல் எலிசபெத் சொன்னார், 1981-ல் டயானா சொல்லவில்லை, 2011-ல் கேத்தரினும் சொல்லவில்லை. வாய் தடுமாறுவதும் சகஜம். டயானா மாப்பிள்ளையின் பெயரையே முன்பின்னாக மாற்றி பிலிப் சார்லஸ் என்று தொடங்கிவிட்டார். வில்லியம் மோதிரத்தைப் போட முடியாமல் சற்று மல்லுக்கட்டினார்.

டீ போட எழுந்திருப்பவர்கள் பெரும்பாலும் தப்பான நேரத்தில் எழுகிறார்கள். தம்பதி பதிவேட்டில் கையெழுத்திட மறைவான இடத்துக்குப் போகும்போது திரையில் ஒன்றும் நடக்காதது போலிருக்கும், எல்லாரும் சமையலறைக்கு ஓடுவார்கள். அந்த இடைவெளியை நிரப்பத்தான் அன்றைய சிறந்த இசையை வைத்திருப்பார்கள். 1981-ல் கிரி டெ கனாவா பாடியதும் 2018-ல் ஷேக்கு கானே-மேசன் செல்லோ வாசித்ததும் அப்போதுதான். எழுந்தே ஆக வேண்டுமென்றால் பிரசங்கத்தில் எழுந்திருங்கள். (2018-ல் அந்தக் கணக்கும் தவறியது: பிஷப் மைக்கேல் கரியின் பிரசங்கத்தைப் பற்றித்தான் மறுநாள் ஊரெல்லாம் பேச்சு.) கையெழுத்து முடிந்து வெளியே நடக்கும்போது தம்பதி ஒரு கணம் நின்று அரியணையில் இருப்பவரை வணங்குவார்கள். கண் இமைத்தால் போய்விடும்.

சாப்பாட்டுக்குச் சரியான இடம் ஒன்று உண்டு. 2011-ல் ஊர்வலம் அரண்மனையை 12.30க்கு அடைந்தது, பால்கனியில் தோன்றியது 1.25க்கு. நம் நேரத்தில் 1.30க்கும் 2.25க்கும் இடையே ஏறக்குறைய ஒரு மணி நேரம் திரையில் வெறும் பேச்சுதான். பிரியாணியைப் பகல் 12க்கு முன்பே தம்மில் போட்டுவிட்டால் ஊர்வலம் முடியும்போது திறக்கலாம். பருப்பும் தயிரும் முன்பே மேசையில் இருக்கட்டும். அதுவரைக்கும் சமோசா, சில்லி பைட்ஸ், முறுக்கு. சோளப்பொரி வேண்டாம், இசை கேட்காது. பால்கனி முத்தம் 1981-ல் தொடங்கிய வழக்கம், அதற்குப் பின்னாலேயே விமானங்கள் பறக்கும். விண்ட்ஸரில் நடக்கும் திருமணத்தில் பால்கனி கிடையாது, ஊரைச் சுற்றிய ஊர்வலத்தோடு சரி, ஆகவே சாப்பாட்டையும் அதற்குப் பிறகு வைத்துக்கொள்ளுங்கள்.

ஆயாவோடு பேச ஒரு விஷயம். நம் நாட்டுக்கு டிவி வந்ததே 1976 ஜனவரி 5 அன்று. பிரிட்டனில் முதன்முதலாக டிவியில் காட்டிய அரச திருமணம் 1960-ல் இளவரசி மார்கரெட்டுடையது. அதையோ 1973-ல் இளவரசி ஆன் திருமணத்தையோ இங்கே வீட்டில் பார்த்திருக்க வழியில்லை, பயாஸ்கோப்பில் செய்திப் படமாகப் பார்த்தால் உண்டு. 1947 மார்ச்சில் எலிசபெத் பெற்றோரோடு டர்பனுக்கே வந்து போனார், கல்யாணம் அதே ஆண்டு நவம்பர் 20. அந்தக் காலை கிரீடத்தின் சட்டம் ஒடிந்துபோய் அவசர அவசரமாக ஒட்டிக் கொடுத்தார்கள். பெரியவர்களிடம் இதைத் தூண்டிவிட்டால் டிவியைவிட நல்ல கதைகள் வரும். 1860 நவம்பர் 16 அன்று ட்ரூரோ கப்பல் மதராசிலிருந்து நம் முன்னோரை இங்கே கொண்டுவந்து இறக்கியது விக்டோரியா ஆட்சியில்தான், அந்தக் குடும்பத்துக் கல்யாணம் நமக்கெதற்கு என்று யாராவது முணுமுணுத்தால் அதிலும் நியாயம் இருக்கிறது. தைத்தவரையும் குதிரை பழக்கியவரையும் ரசிக்க ராஜபக்தி தேவையில்லை என்பது என் கட்சி.

பிரிட்டனோடு நிறுத்திக்கொள்ளவும் வேண்டாம். பெனோனியில் வளர்ந்து, 2000 சிட்னி ஒலிம்பிக்கில் நமக்காக நீந்திய ஷார்லீன் விட்ஸ்டாக்கின் மொனாக்கோ திருமணம் நமக்கு இன்னும் நெருக்கம். 2011 ஜூலை 1 அன்று சிம்மாசன அறையில் சட்டப்படியான பதிவு, மறுநாள் அரண்மனை முற்றத்தில் சமயச் சடங்கு. இப்படி இரண்டு நாள் வந்தால் அலங்காரம் இரண்டாம் நாளில்தான், ஒன்றை மட்டும் பார்க்க முடியுமென்றால் அதையே பாருங்கள். கோடையில் மொனாக்கோ நேரமும் நம் நேரமும் ஒன்று. அந்தத் தம்பதிக்கு ஒரு வாரத்துக்குள் டர்பனை அடுத்த உம்ஷ்லாங்காவில் ஆய்ஸ்டர் பாக்ஸ் ஹோட்டலிலும் ஒரு விருந்து நடந்தது. நம் குவாசூலு-நடால் மாகாணத்துக்கே ஜூலு மன்னர் இருக்கிறார். அந்த வீட்டுச் சடங்குகளைக் காட்டும்போது சிறுத்தைத் தோல் யார் மேல் இருக்கிறது, மணமான பெண்களின் வட்டத் தொப்பியான இசிக்கோலோ, உமாபோ என்னும் பரிசுச் சடங்கில் பெண் வீட்டார் பெயர் சொல்லி அழைத்துக் கொடுக்கும் பாயும் போர்வையும், இரு தரப்பும் போட்டி போட்டு ஆடும் ஆட்டம் ஆகியவற்றைக் கவனியுங்கள். அங்கே நிமிடக் கணக்கு இல்லை, ஆட்டத்துக்குத்தான் கணக்கு.

கடைசியாக ரெக்கார்டிங். டிகோடரில் முடிவு நேரத்தை நிகழ்ச்சிப் பட்டியல் சொல்வதைவிட இரண்டு மணி நேரம் நீட்டி வையுங்கள். 2011-ல் பால்கனி முடிந்ததும் பலர் டிவியை அணைத்துவிட்டார்கள். லண்டனில் மணி மூன்றரைக்கு மேல், நம் நேரம் நாலரைக்கு மேல், யாரும் எதிர்பாராமல் வில்லியமே ஓட்ட, பலூனும் ரிப்பனும் கட்டிய நீல ஆஸ்டன் மார்ட்டின் அரண்மனை வாசலைத் தாண்டி வந்தது. சார்லஸுக்கு 21-ஆம் பிறந்தநாளுக்குக் கிடைத்த கார் அது. நம்பர் பிளேட்டில் ‘இப்போதுதான் கல்யாணம் ஆனது’ என்று எழுதி, ஓட்டக் கற்பவர் மாட்டும் எல் பலகையையும் மாட்டியிருந்தார்கள்.